ஆமாம் தட்டும் டிரம்மர்

ஞானப்பிரகாசம் புளுகினால் அதற்கு ஒரு தட்டுத் தட்டுவது தணிகாசலத்தின் வேலை. ஞானப்பிரகாசம் ஒரு கதையை அவிழ்த்துவிட்டு, அது முடிகிற இடத்தில் தலையைக்கூடத் திருப்பாமல், “என்ன தணி?” என்பார். பின்னால் டிரம்ஸுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் தணிகாசலம் வலது கைக் குச்சியால் ‘டப்’ என்று ஒன்று போடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அது சாட்சிக் கையெழுத்து மாதிரி. முப்பத்தாறு வருடத்தில் இப்படி எத்தனை கையெழுத்துப் போட்டிருப்போம் என்று தணிகாசலம் எப்போதாவது யோசிப்பார். யோசித்துவிட்டுக் குச்சியைத் துடைத்து வைப்பார்.

குழுவின் பெயர் ‘ஷண்டிங்’. பெரம்பூர் ரயில்வே யார்டுக்குப் பின்னால் வளர்ந்தவர்கள் 1988இல் ஒரு ஹெவி மெட்டல் குழுவை ஆரம்பித்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? காதைக் கிழிக்கிற கிட்டார், நெஞ்சுக்கூட்டை இடிக்கிற டிரம்ஸ், தொண்டையில் மீன்முள் மாட்டியவன் போடுவது போன்ற அலறல், இவை மூன்றும் சேர்ந்தால் ஹெவி மெட்டல். கேட்பவர்கள் முடியை விரித்துப் போட்டுத் தலையை மேலும் கீழுமாகப் பேயாட்டம் ஆட்டவேண்டும். அதுதான் அந்தச் சங்கீதத்துக்குச் செய்கிற மரியாதை. ஷண்டிங்குக்கு அந்த மரியாதை எந்த மேடையிலும் கிடைத்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு. “பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்கீங்க. ஷண்டிங் இன்ஜின் முன்னாடி போவும், பின்னாடி வரும், நாளெல்லாம் புகை விடும். எந்த ஊருக்கும் போய்ச் சேராது” என்பார் முனாஃப் பாய். அவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். தொண்ணூற்றாறில் வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு வருடம் ஆகியும் குழுவில் அவர்தான் புது ஆள்.

ஞானப்பிரகாசத்தை எல்லாரும் ஜி.பி. என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. பகலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பார். மிச்ச நேரத்தில் உலகப் புகழுக்குக் காத்திருப்பார். மே மாதத்திலும் கறுப்பு ரெக்ஸின் ஜாக்கெட். மை போட்ட முடி, அதில் ஒரு குதிரைவால். தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ரிவெட் அடிக்கிற சத்தத்தில் இடது காதும், சிம்பல் என்கிற பித்தளைத் தட்டின் சத்தத்தில் வலது காதும் பாதிப் பாதி போய்விட்டன. ஆக மொத்தம் ஒரு காது மிச்சம் என்று கணக்குச் சொல்வது முனாஃப் பாயின் பழக்கம்.

இவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் என்று சங்கமித்ரா என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஷண்டிங்கின் ஒரே கேசட்டைக் கேட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வந்தவள். கூட ஒரு கேமராக்காரர். ஒத்திகை நடக்கிற கோதண்டத்தின் ஷாமியானா கிடங்கில், மடித்து அடுக்கிய ஷாமியானாத் துணிகளுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவில் நான்கு நாளாகப் படம் பிடித்தாள். கோதண்டம் வாடகைக்கு இடம் கொடுத்தவர். கொடுத்த உரிமையில், தினமும் ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார்.

கடைசி நாள் காலை. மற்றவர்கள் வருவதற்கு முன்னால் சங்கமித்ரா தணிகாசலத்தின் பக்கத்தில் ஒரு ஷாமியானாக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

“சார், ஒரு விஷயம். எடுத்தவரைக்கும் எங்க ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“நல்லதுதானேம்மா.”

“இல்ல சார். சிரிச்சுட்டு, ‘இவங்க ஏன் இன்னும் வாசிக்கிறாங்க?’னு கேட்டாங்க. அதுக்கு பதில் சொல்ற மாதிரி, நிஜமா நடந்தது ஒண்ணாவது வேணும் சார். இன்னிக்குக் கிடைச்சா இது ஒன்றரை மணி நேரப் படம். இல்லேன்னா பத்து நிமிஷ வீடியோ. கெழவனுங்க கூத்துன்னு தலைப்பு வெச்சு போன்ல அனுப்பிட்டு இருப்பாங்க. எனக்கு அது வேணாம்.”

தணிகாசலம் குச்சியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அப்படி ஒன்று இருந்தது. முப்பத்து மூன்று வருடமாக இருந்தது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பொய்யாகிவிடுமோ என்ற பயமா, அல்லது சொல்லிப் பார்த்தால் அது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும் என்ற பயமா, அவருக்கே தெளிவில்லை. இன்று காலை அவர் பழைய சிம்பல் ஒன்றை அரிசிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஏன் எடுத்து வந்தோம் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தார்.

“பாக்கலாம்மா” என்றார்.

ஜி.பி. வந்தார். கேமரா சிவப்பு விளக்கைப் போட்டதும் அவர் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார்.

“எங்க விட்டேன்மா நேத்து? ஆங், காலேஜ்! தொண்ணூறாம் வருஷம். ஆவடி பக்கம் ஒரு காலேஜ். மேடை ஏறி முத கம்பியைத் தட்டினேன். ட்டொய்ங்! அவ்ளோதான். கெமிஸ்ட்ரி லேப்புல இருந்த ஆசிட்டுங்க எல்லாம் தானா கலந்து, அதுவரைக்கும் உலகத்துல இல்லாத ஒரு கலர் வந்துடுச்சு. பிரின்ஸிபாலோட பல்செட்டு வாயிலேர்ந்து குதிச்சு, முத வரிசையில போய் உக்காந்துடுச்சும்மா.”

“யோவ், பல்செட்டு எப்படிய்யா உக்காரும்?” என்றார் கோதண்டம்.

“நீ வாடகைக்கு உடுற சேர்லயே மனுஷன் உக்கார்றான். பல்செட்டு உக்காராதா? உக்காந்து தாளம் போட்டுச்சுய்யா, கடகடன்னு. என்ன தணி?”

டப்.

அந்தக் கல்லூரியில் கேட்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை நின்றதும் போய்விட்டார்கள். தணிகாசலத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“சரி, என் குரலுக்கு வருவோம்” என்று ஜி.பி. காலை அகட்டி நின்றார். “தொண்ணூத்தி மூணுல, இதோ இந்த யார்டுல நின்னு ஒரு சுருதி புடிச்சேன். மேல, மேல, இன்னும் மேல. யார்டுல நின்ன கூட்ஸ் வண்டி அம்பத்தெட்டு பெட்டியும் கொக்கியைக் கழட்டிக்கிட்டுத் தலையாட்ட ஆரம்பிச்சுடுச்சு. ஆட்டிக்கிட்டே அரக்கோணம் வரைக்கும் போயிடுச்சு. அது கெடக்கட்டும். அந்தக் குரல் இருக்கு பாரு, அது நேரா கெளம்பி நகரி மலையில முட்டி, திரும்பி வரணும்ல? வரல.”

“மலைக்கே புடிக்கலபோல” என்றார் முனாஃப் பாய்.

“பாய், குறுக்க பேசாத. வரல. நானும் மறந்துட்டேன். மூணு வருஷம் கழிச்சு, எனக்குக் கல்யாணம். சர்ச்சுல மோதிரம் மாத்துற நேரம். ஃபாதர் ‘யாருக்காவது ஆட்சேபனை உண்டா’ன்னு கேக்குறாரு. அப்பதான்மா அது திரும்பி வந்துச்சு! ‘ஈஈஈஈ...’ன்னு. என் குரலு. மூணு வருஷம் ஊரு சுத்தியும் அரை சுருதி எறங்கல. கண்ணாடி ஜன்னல் எல்லாம் போச்சு. ஆட்சேபனை எழுப்பினது நானேன்னு எழுதிக்கினு கல்யாணத்தையே ஒத்திப்போட்டாங்க.”

“அதான் உன் பொண்டாட்டி இன்னி வரைக்கும் ஆட்சேபனை பண்ணிக்கினே இருக்குது” என்றார் கோதண்டம்.

“என்ன தணி?”

டப்.

சங்கமித்ரா சிரித்தாள். ஆனால் சிரிப்பு அவள் கண் வரை போகவில்லை என்பதைத் தணிகாசலம் பார்த்தார். அவள் ஒரு தடவை இவரைப் பார்த்தாள். இவர் சிம்பல் சுற்றிய சாக்கைப் பார்த்தார்.

“அப்புறம் அந்த லண்டன்காரன்!” ஜி.பி.க்கு இப்போது சூடேறிவிட்டது. “பேரு சொல்ல மாட்டேன், மானநஷ்டம் போட்டுருவான். உலகத்துலயே நம்பர் ஒன் கிட்டார்காரன். பாண்டிச்சேரிக்கு யோகா கத்துக்க வந்தவன், போற வழியில பெரம்பூர்ல நம்ம ஒத்திகைய கேட்டுட்டான். இதே ஷாமியானா மேல உக்காந்து அழுதான்மா. ‘மிஸ்டர் ஜி.பி., இருபது வருஷமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்’னு கேட்டான். ‘கொசு அடிச்சிட்டு இருந்தே தம்பி’ன்னேன். அன்னிக்கே கிட்டாரை வித்துட்டு ஊருக்குப் போய் உருளக்கெழங்கு போட்டுட்டான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு மூட்டை வரும்.”

“அதான் கேக்குறேன்” என்றார் கோதண்டம். “ஷாமியானா ஒண்ணு நனைஞ்சு நாறிக் கெடந்துச்சு. நான் எலி மூத்திரம்னு நெனச்சேன். லண்டன்காரன் கண்ணீரா அது?”

“என்ன தணி?”

டப்.

முனாஃப் பாய் பேஸ் கிட்டாரின் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டே தணிகாசலத்தின் காதருகே குனிந்தார். “ஏன்பா, கெழங்கு மூட்டைக்குமா தட்டுவே? ஒரு வாட்டியாவது தட்டாம இருந்து பாரேன்.”

தட்டாமல் இருந்து பார்க்கலாம்தான். ஆனால் டிரம்மர் என்பவன் பாடகனின் முதுகை மட்டுமே பார்க்கிறவன். முப்பத்தாறு வருடமாக அந்த முதுகு எப்போது குனியும், எப்போது நிமிரும் என்பதைப் பார்த்தே அவருடைய கை வேலை செய்திருக்கிறது. முதுகு ‘என்ன தணி’ என்றால் கை போய்விடுகிறது. இதில் தன்னுடைய முடிவு என்று ஏதாவது இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் உண்டு. வாழ்க்கை மொத்தத்திலுமே அந்தச் சந்தேகம் உண்டு.

ஜி.பி. நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். காலின் முன்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு.

“கேமராவைக் கிட்ட கொண்டா தம்பி. இது பெங்களூர். தொண்ணூத்தி நாலு. ஸ்டேடியம் ரொம்பி, ரோடு ரொம்பி, எடமில்லாம கடைசி வரிசைக்காரனுங்க ஓசூர்ல நின்னாங்க. கலெக்டர் வந்து தமிழ்நாடு பார்டரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக் கொடுத்தாரு. மூணு லட்சம் தலை ஒரே நேரத்துல ஆடுது. அந்தக் காத்துல கப்பன் பார்க் மரம் எல்லாம் மைசூர் பக்கம் சாஞ்சுடுச்சு. பூமி சுத்துறதே ஒரு நிமிஷம் நின்னு போயி, மறுநாள் சூரியன் லேட்டா வந்துச்சு. ஸ்கூல் எல்லாம் பத்தரைக்குத் தெறந்தாங்க. முடிச்சிட்டு எறங்குறேன், பொம்பளைப் புள்ளைங்க பாஞ்சு வந்து காலைப் புடிச்சு இழுத்ததுல கிழிஞ்சது இது. பதினெட்டு தையல்.”

“பெங்களூர்ல நாம ஒரு ஓட்டல்ல சாப்புட்டோம். அவ்ளோதானே?” என்று முனாஃப் பாய் மெல்லக் கேட்டார். “அதுவும் நான் சேந்தப்புறம்.”

“அது வேற பெங்களூர் பாய். என்ன தணி?”

தணிகாசலம் தழும்பைப் பார்த்தார். அது எந்த ஊரில், எந்தச் சுவரில், எந்த நாளில் கிழிந்தது என்பது அவருக்குத் தெரியும். கை ஒரு நொடி தயங்கியது. பிறகு, டப்.

கடைசியாகப் புயல் வந்தது. வங்கக்கடலில் உருவாகி சென்னையை நோக்கி வந்த அதை, ஜி.பி. காசிமேட்டுப் பாலத்தில் நின்று ஒரே ஒரு கிட்டார் சோலோவில் நெல்லூர் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். வானிலைக்காரர் ஒருவர் போன் போட்டு, ‘சார், இன்னும் ரெண்டு கம்பி வடக்கால தள்ளுங்க’ என்று வழி சொல்லிக்கொண்டே இருந்தாராம். நெல்லூர்க்காரர்கள் போட்ட கேஸ் இன்னும் நடக்கிறதாம். வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் ஜட்ஜ் ஆட்டோகிராஃப் வாங்கிக்கொள்கிறாராம். டப்.

“இந்தப் படம் வெளிய வரட்டும்மா” என்று ஜி.பி. முடித்தார். “ஜெர்மனில வயக்காட்டுல நடத்துறானுங்களே மெட்டல் திருவிழா, அங்கேர்ந்து ஆளு வருவான். நான்தான் யோசிச்சு சொல்றேன்னு சொல்லப்போறேன்.”

அந்த இடத்தில் மட்டும் அவர் குரலில் புளுகு இல்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் அந்த ஆள் வருவான் என்று அவர் நம்பினார். முனாஃப் பாய்கூட அதற்கு மட்டும் கிண்டல் செய்யாமல் கம்பியை முறுக்கினார்.

சங்கமித்ரா கேமராவைத் திருப்பச் சொன்னாள். “தணி சார். நீங்க நாலு நாளா ஒரு வார்த்தைகூடப் பேசல. நீங்க ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு நடந்தது.”

சிவப்பு விளக்கு தணிகாசலத்தைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

“தொண்ணூத்தி ஒண்ணுங்க. ஆடி மாசம். ஞாயித்துக்கெழமை. எருக்கஞ்சேரி பக்கம் ஒரு சந்துல அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்க. பகல் பன்னண்டு மணி. ஆடி ஞாயிறுன்னா பம்பைக்காரங்க கெடைக்க மாட்டாங்க, எல்லாக் கோயிலும் புக் பண்ணிடும். இவங்களுக்கு வரேன்னு சொன்ன பம்பை செட்டு வேற எடத்துக்குப் போயிடுச்சு. இந்தக் கடை அப்போ கோதண்டத்தோட அப்பா கையில. அவருதான் பந்தல் போட்டிருந்தாரு. ‘எங்கிட்ட ஒரு செட்டு இருக்கு, சத்தமா அடிப்பாங்க’ன்னு எங்களைக் கூட்டிட்டுப் போனாரு.”

“எங்கப்பாவா?” என்றார் கோதண்டம். “எங்கிட்ட சொன்னதே இல்லியே.”

“நீ அப்போ துபாய்ல இருந்தே.”

ஜி.பி. சுருட்டிய பேன்ட்டை இறக்கிவிட்டார்.

“எங்களுக்கு சாமிப்பாட்டு தெரியாது. ‘இரும்பு மழை’ன்னு எங்க பாட்டு ஒண்ணு. அதோட ஆரம்பத்துல ரெண்டு காலாலயும் ரெண்டு பெடலை மிதிச்சு, பெரிய டிரம்மை விடாம, ரொம்ப வேகமா அடிக்கணும். ஃபேக்டரில சைக்கிள் செயின் வெச்சு நானே செஞ்ச பெடல். அதை அடிச்சேன். ஒரு நிமிஷம்கூட ஆவல. மொத வரிசைல மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க. கொண்டை அவுந்துச்சு. தலை சுத்த ஆரம்பிச்சுது. சாமி வந்துடுச்சு.”

“சரி, ஒருத்தருக்கு வரும்” என்றார் முனாஃப் பாய்.

“அப்புறம் பக்கத்துல ரெண்டு பேர். அப்புறம் கூழ் அண்டாகிட்ட நின்னவங்க. அப்புறம் வரிசையே. நான் எண்ணினேன். அடிக்கிறவனுக்கு எண்றதுதானே வேலை. நாப்பத்தி மூணு பேர்.”

“நாப்பத்தி மூணா!” கோதண்டம் தொடையில் தட்டினார். “அடேங்கப்பா. தணி, உனக்குள்ள இவ்ளோ இருக்கா?”

“பந்தோபஸ்துக்கு வந்த கான்ஸ்டபிளுக்கு வந்துச்சு. தொப்பி கூழ்ல விழுந்துச்சு. லைன்ல கொக்கி போட்டிருக்காங்களான்னு பாக்க வந்த கரண்ட்டுக்காரருக்கு ஏணி மேலயே வந்துச்சு.”

சங்கமித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபோகஸைப் பிடித்தார். தணிகாசலத்துக்கு முகம் சூடாகியது. தன் வாயிலிருந்து வருவது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே புரிந்தது. நான்கு நாளாக ஜி.பி. உழுது வைத்திருந்த நிலத்தில் எதைப் போட்டாலும் புளுகாகத்தான் முளைக்கும்போலிருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

“சிரிக்காதீங்க மேடம். நடந்தது. சாமி வந்துட்டா அடியைச் சட்டுனு நிறுத்தக் கூடாது. ஆடுறவங்க அப்படியே விழுந்துடுவாங்க, அடிபட்டுடும். பம்பைக்காரங்க மெதுவா, படிப்படியா எறக்குவாங்க. அப்புறம் கற்பூரம் காட்டினா சாமி மலையேறிடும். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒரே வேகம். நிர்வாகி ஒருத்தர் கத்துறாரு, ‘நிறுத்தாதப்பா, நிறுத்தாத’ன்னு. அடிச்சேன். ஒண்ணேமுக்கா மணி நேரம். கை கிழிஞ்சு ரத்தம். கடைசில ஒரு பெடலோட தோல் வார் அறுந்துச்சு. ஒத்தக் கால்ல அடிக்கவும் வேகம் தானா கொறைஞ்சுது. அப்பதான் ஒவ்வொருத்தரா எறங்கினாங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.”

“மத்தவங்க எங்க சார்?” என்றாள் சங்கமித்ரா, சிரிப்பை அடக்கிக்கொண்டே. “ஜி.பி. சார் பாடிட்டு இருந்தாரா?”

தணிகாசலம் இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தார்.

“பேஸ் வாசிச்ச லாரன்ஸ் கும்பல்ல காணாமப் போயிட்டான். இப்போ ஆஸ்திரேலியால இருக்கான். ஜி.பி...” அவர் எதிரே நின்ற அந்த முதுகைப் பார்த்தார். “அந்த மீன்கார அம்மா எலுமிச்சம்பழத்தைக் கடிச்சுக்கிட்டு மேடை ஏறி வந்து இவனை ஒரு பார்வை பாத்துது. இவன் மைக்கைப் போட்டுட்டு, கிட்டாரைப் போட்டுட்டு, பின்பக்க சுவர் ஏறிக் குதிச்சுட்டான். சுவர்ல கண்ணாடிச் சில்லு பதிச்சிருந்தாங்க. புளியந்தோப்புக்குப் போய்த்தான் நின்னானாம். கெடந்த கிட்டாரு மட்டும் ஆம்ப்ளிஃபையர்ல ‘ம்ம்ம்’னு இரைஞ்சுட்டே இருந்துச்சு, தம்பூரா மாதிரி. நான் தனியா அடிச்சேன்.”

அவர் சாக்கைப் பிரித்து சிம்பலை எடுத்தார். பித்தளை மங்கி, ஓரத்தில் பழுப்பாக ஒரு திட்டு.

“முடிஞ்சதும் பொம்பளைங்க எல்லாம் வந்து மஞ்சத்தண்ணிய டிரம்ஸ் மேல ஊத்தினாங்க. கறை இன்னும் இருக்கு பாருங்க. அந்த மீன்கார அம்மா என் நெத்தில திருநீறு வெச்சு, ‘எந்த ஊரு பம்பைக்காரருப்பா நீ?’ன்னு கேட்டுது. அவ்ளோதான் மேடம். எங்க பாட்டுக்குத் தலையாட்டினது அந்த நாப்பத்தி மூணு பேர்தான். அது என் அடிக்கு ஆடினாங்களா, அம்மன் ஆட்டி வெச்சுதா, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இன்னும் வாசிக்கிறேனோ என்னமோ.”

கிடங்கே வெடித்தது. கோதண்டம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். “ஏணி மேலயே சாமி வந்துச்சாமே!” முனாஃப் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கெழங்கு மூட்டையெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்பா” என்றார். சங்கமித்ரா சிம்பலை வாங்கி விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“துரு மாதிரி இருக்கு சார்” என்றாள் அன்பாக. “ஆனா சூப்பர். நாலு நாள் வாயே திறக்காம இருந்துட்டு, ஜி.பி. சாரையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க!”

“துரு இல்ல மேடம். பித்தளை துருப் புடிக்காது.”

யாரும் அதைக் கேட்கவில்லை. தணிகாசலம் எழுந்தார். ஒத்திகையின் நடுவில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

“ஜி.பி.”

முதுகு அசையவில்லை.

“ஜி.பி., திரும்பு. இங்க இருக்குறவங்கள்ல அன்னிக்கு அங்க இருந்தவன் நீ ஒருத்தன்தான். நீ எத்தனை சொன்னே, அத்தனைக்கும் நான் ஆமான்னு தட்டியிருக்கேன். பல்செட்டுக்குத் தட்டினேன். கெழங்குக்குத் தட்டினேன். புயலுக்குத் தட்டினேன். இது ஒண்ணுக்கு நீ ஆமான்னு சொல்லு. ஓடினதைச் சொல்ல வேணாம். நாப்பத்தி மூணு பேர் ஆடினாங்க, அது மட்டும் போதும்.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சங்கமித்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேமராக்காரர் யாரும் சொல்லாமலே லென்ஸை ஜி.பி. பக்கம் கொண்டுபோனார்.

ஜி.பி. திரும்பினார். அந்த முகம் இவ்வளவு நேரம் தன் எதிரே நின்று தணிகாசலம் ஒருநாளும் பார்த்ததில்லை. வயதான முகம். நெற்றியில் மை வழிந்திருந்தது. கண் கேமராவுக்குப் போயிற்று, சிம்பலுக்குப் போயிற்று, மறுபடி கேமராவுக்கு வந்தது. அவருடைய வலது கை, அவருக்குத் தெரியாமலேயே, கீழே இறங்கி பேன்ட்டுக்கு மேலாகக் கால் தழும்பை மெல்லத் தடவியது. தணிகாசலம் அதைப் பார்த்தார். பார்த்ததை ஜி.பி.யும் பார்த்தார். கை சட்டென்று ஜாக்கெட் பைக்குள் போயிற்று.

பிறகு அவர் நிமிர்ந்தார். இரண்டு அங்குலம் வளர்ந்தார். சங்கமித்ராவைப் பார்த்துக் கண்ணடித்து, டிரம்ஸ் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“பாவம்மா, காது போனதுலேர்ந்து இப்படித்தான்” என்றார். “மச்சான், நானும் விடுவேன். ஆனா புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும்டா. என்ன தணி?”

கை போய்விட்டது.

டப்.